மிடி ட்ராக்கில் டிரம்ஸ்: மண்டபத்தில் காதைப் பிளக்கிறது, கோயில் திடலில் காணாமல் போகிறது

பாலக்கோடு கீபோர்டு:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் ஒரு சின்ன மெல்லிசைக் குழு நடத்துகிறேன். கீபோர்டு நான். பாடுவது என் அக்காவும், மாரண்டஹள்ளியில் இருந்து வரும் ஒரு தம்பியும். போன வருடம் வரை ரிதம் பேட் வாசிக்க ஒரு பையன் இருந்தான். ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்து ஷிப்டு மாறி மாறி வந்ததும் அவனால் நிகழ்ச்சிக்கு வர முடியவில்லை. அன்றிலிருந்து தாளத்துக்கு மிடி ட்ராக்கைத்தான் (எந்த வாத்தியம் எந்த நோட்டை எப்போது வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் உள்ள ஃபைல்) நம்பியிருக்கிறோம். பென்டிரைவில் இருந்து கீபோர்டு பாட்டை ஓட்டும், அதன் மேல் நான் லீடு வாசிப்பேன்.

மொத்தம் 140 பாட்டு இருக்கிறது. பாதிக்கு மேல் கலைந்துபோன ஒரு ஆர்கெஸ்ட்ராவில் இருந்து வந்தவை. கொஞ்சம் நெட்டில் எடுத்தது. 35 பாட்டு நானே ராத்திரி உட்கார்ந்து போட்டது. இப்படிப் பல பேர் கை பட்டதால் டிரம்ஸ் சத்தம் பாட்டுக்குப் பாட்டு ஏறி இறங்குகிறது. வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்டால் எல்லாமே ஓரளவு சரியாகத்தான் இருக்கிறது. மேடையில்தான் மாட்டிக்கொள்கிறேன்.

வைகாசியில் காரிமங்கலம் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன். டைல்ஸ் தரை, உயரமான கூரை, திரைச்சீலை ஒன்றுகூட இல்லாத வெறும் சுவர். மூன்றாவது பாட்டு ஆரம்பித்ததும், டிரம்ஸில் கூர்மையாக விழும் ஸ்னேர் ஒவ்வொரு அடிக்கும் கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. முன்வரிசையில் மணப்பெண்ணின் பாட்டி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பாட்டு முடியும் வரை கையை எடுக்கவே இல்லை. நான் பதறிப்போய் கீபோர்டின் மெயின் வால்யூமை இறக்கினேன். வயலின், புல்லாங்குழல் எல்லாம் அடங்கிப்போய் ஸ்னேர் மட்டும் மிச்சம் நின்றது. அக்கா பாடிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மனதில் இருக்கிறது.

அதற்குப் பயந்து பல பாட்டில் டிரம்ஸைக் குறைத்து வைத்தேன். ஆடியில் பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் மாரியம்மன் திருவிழா. திறந்த திடல். எங்களுக்கு முன்னால் பம்பைக்காரர்கள் அரை மணி நேரம் அடித்து ஊரையே கிளப்பிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் நாங்கள் ஆரம்பித்தால், தாளம் பக்கத்து வீட்டு டிவியில் கேட்கிற மாதிரி இருக்கிறது. "அண்ணே, அடி கேக்கல" என்று பையன்கள் மேடைக்கே வந்து சொல்கிறார்கள். மிக்ஸரில் இருந்தவர் பேஸைத் திருகினார். தொம் தொம் என்று ஒரே இரைச்சல், ஸ்னேரும், ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டும் வரவே இல்லை, பாட்டு வரியும் அதில் முழுகிவிட்டது.

கீபோர்டில் பாட்டின் மிக்ஸர் பக்கம் போய் தாளம் ஓடும் 10-வது சேனலின் (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு சேனல்) வால்யூமை 100-இல் இருந்து 75-க்கு இறக்கிப் பார்த்தேன். பல பாட்டில், ஓட்டினால் மறுபடி பழைய எண்ணுக்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. சில பாட்டில் 10-வது சேனலைப் பூஜ்யம் ஆக்கினாலும் டோலக் மட்டும் ஓடுகிறது. இது ஏன் என்று புரியவில்லை. 140 பாட்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவர வழி உண்டா? இல்லை, ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


அரூர் பாடகர்:

நண்பரே, இவ்வளவு கஷ்டம் எதற்கு? பாட்டுகளை வேவ் ஃபைலாக மாற்றி லேப்டாப்பில் ஓட்டுங்கள். நாங்கள் மூன்று வருடமாக அப்படித்தான் செய்கிறோம். ஒருமுறை சரியாக மிக்ஸ் செய்து வைத்துவிட்டால் எந்த ஊரிலும் ஒரே மாதிரி வரும்.


பாலக்கோடு கீபோர்டு:

நன்றி அண்ணா. யோசித்தேன். ஆனால் அக்காவுக்குத் தொண்டை சரியில்லாத நாளில் ஒரு கட்டை இறக்கிப் பாடுவார், மிடியில் ஒரு பட்டனில் முடிந்துவிடும். மாலை மாற்றும்போது முதல் இடையிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார்கள், அதற்கும் மிடிதான் வசதி. அப்புறம், ஒரே மாதிரி வருவதுதான் எனக்குப் பிரச்சினையே. மண்டபத்துக்குச் சரியாக இருப்பது திடலுக்குச் சரியாக இல்லை. வேவ் ஆக்கிவிட்டால் டிரம்ஸை மட்டும் தொட முடியாதே.


காவேரிப்பட்டணம் சீக்வென்ஸர்:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். 1996-இல் இருந்து ட்ராக் போடுகிறேன், ஃப்ளாப்பியில் பாட்டு எடுத்துக்கொண்டு போன காலம் அது. நீங்கள் சொல்கிற ஒவ்வொன்றிலும் நானும் விழுந்து எழுந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த எண் ஏன் திரும்பிப் போகிறது என்பது. மிடி ஃபைலின் முதல் பாரிலேயே ஒவ்வொரு சேனலுக்கும் வால்யூம் கட்டளை எழுதியிருக்கும். அதன் பெயர் சிசி 7. அதற்கும் முன்னால் பெரும்பாலும் ஜெனரல் மிடி (எல்லாக் கம்பெனி கீபோர்டுக்கும் பொதுவான முறை) ரீசெட் ஒன்று இருக்கும், அது எல்லாவற்றையும் துடைத்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்விடும். பாட்டு நின்றிருக்கும்போது நீங்கள் மிக்ஸரில் மாற்றுவது, பிளே அழுத்தியதும் இந்தக் கட்டளைகளால் அழிந்துபோகிறது. ஃபைலுக்கு உள்ளேயே மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு சீக்வென்ஸர் (மிடி ஃபைலைத் திருத்தும் மென்பொருள்) போட்டு, கட்டளைகள் வரிசையாக இருக்கும் ஈவென்ட் லிஸ்டைத் திறந்து, 10-வது சேனலில் சிசி 7 எங்கெல்லாம் வருகிறது என்று கடைசி பார் வரை தேடுங்கள். நெட்டில் எடுத்த பாட்டுகளில் நடுவிலும் இருக்கும், முடிவில் சத்தம் தேய்ந்து போவதற்கும் வைத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்றதை விட்டால் இரண்டாவது சரணத்தில் டிரம்ஸ் திடீரென்று எகிறும். சிசி 11 என்று இன்னொன்று வரும், அது பாட்டுக்குள் ஏற்ற இறக்கம் காட்டுவது. அதைத் தொடாதீர்கள். பாட்டின் மட்டத்தை 7-இல் வையுங்கள், உணர்ச்சியை 11-க்கு விட்டுவிடுங்கள்.

டோலக் மட்டும் ஓடுவதற்குக் காரணம், அது வேறு சேனலில் இருக்கிறது. 1991-இல் வந்த ஜெனரல் மிடியில் தாளத்துக்கு 10-வது சேனல் என்று வைத்தார்கள். ஆனால் நம் பாட்டுக்கு டிரம்ஸ் ஒரு பக்கம், தபேலா டோலக் ஒரு பக்கம் வேண்டும். அதனால் யமஹா எக்ஸ்ஜி முறையில் பேங்க் எண் 127 கொடுத்து 9-இலோ 11-இலோ இன்னொரு தாளக் கிட்டைப் போட்டுவிடுவோம். ரோலண்ட் ஜிஎஸ் முறையிலும் அதற்கு வழி உண்டு. உங்களுக்கு ட்ராக் கொடுத்த ஆர்கெஸ்ட்ராக்காரர் அப்படித்தான் செய்திருப்பார். பழைய பாட்டில் அந்த டோலக்தான் உயிர். 10-ஐக் குறைக்கும்போது அதுவும் சேர்ந்து குறையாமல் இருந்ததை நல்ல காலம் என்றே நினையுங்கள்.

எண்ணைப் பற்றி ஒரு விஷயம். 127-இல் பாதி 64 என்பதால் சத்தமும் பாதி என்று எண்ண வேண்டாம். ஜெனரல் மிடி வழிகாட்டுதல்படி 127-இல் இருந்து 64-க்கு வந்தால் 12 டெசிபல் இறங்கும், அது பெரிய சரிவு. 100-இல் இருந்து 90-க்கு வந்தால் சுமார் 2 டெசிபல், 80-க்கு வந்தால் சுமார் 4. நீங்கள் 75 வைத்தது ஃபைலில் ஏறியிருந்தால் 5 டெசிபல் போயிருக்கும். நான் ஒரே தடவையில் பத்து எண்ணுக்கு மேல் மாற்றுவதே இல்லை. இன்னொன்று, டிரம்ஸ் போதவில்லை என்று 127-க்கு ஏற்றாதீர்கள். எல்லாச் சேனலும் 120-க்கு மேல் நின்றால் கீபோர்டின் உள்ளேயே சத்தம் உடையும், வெளியே எந்த மிக்ஸரும் அதைச் சரி செய்யாது. மற்ற வாத்தியங்களை இறக்கிவிட்டு, கீபோர்டு வால்யூமைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இனி முக்கியமானது. காரிமங்கலத்தில் உங்களுக்கு டிரம்ஸ் அதிகமாக இருக்கவில்லை, ஸ்னேர் மட்டும்தான் அதிகம். நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் போய் 10-வது சேனல் முழுவதையும் இறக்கினீர்கள், அதோடு கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஹை-ஹாட்டும் போய்விட்டன. பென்னாகரத்தில் தாளம் செத்துப்போனதற்கு அதுதான் காரணம். டிரம்ஸ் என்று ஒரு வாத்தியம் கிடையாது தம்பி. 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்தது, 49 க்ராஷ். ஒவ்வொரு நோட்டும் தனி வாத்தியம். அந்த மூன்றாவது பாட்டைத் திறந்து, ஸ்னேர் விழும் இடத்தில் என்னென்ன நோட்டு இருக்கிறது என்று பாருங்கள். பழைய மாட்யூல்களில் ஸ்னேர் மெலிசாக இருந்ததால் 38-ஓடு 40-ஐயும் சேர்த்து அடிப்பது வழக்கம், சிலர் 39 கைத்தட்டலையும் மேலே வைப்பார்கள். இன்றைய கீபோர்டில் அந்த மூன்றும் ஒன்றாக விழுந்தால் அறைதான்.

தனி நோட்டைக் குறைக்க இரண்டு வழி. வெலாசிட்டியை, அதாவது அடியின் அழுத்தத்தை, குறைக்கலாம். அப்படிக் குறைக்கும்போது சத்தத்தோடு நாதமும் மாறும், மெதுவாக அடித்த ஸ்னேர் வேறு ஸ்னேர். சில பாட்டுக்கு அதுதான் அழகு. ஆனால் எல்லா அடியிலும் 25-ஐக் கழித்துவிடாதீர்கள். 30-இல் இருக்கும் சின்னச் சின்ன உருட்டல்கள் 5-க்குப் போய்க் காதில் விழாது, பாட்டின் நடை கெட்டுவிடும். நான் 0.6-ஆல் பெருக்கி 35 கூட்டுவேன். 127 இருந்தது 111 ஆகும், 40 இருந்தது 59 ஆகும். முரட்டு அடி அடங்கும், மெல்லிய அடி மேலே வரும். மண்டபத்துக்கும் திடலுக்கும் நடுவில் வரும் வித்தியாசத்தில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

நாதம் மாறாமல் சத்தம் மட்டும் குறைய வேண்டுமென்றால் என்ஆர்பிஎன், அதாவது ஒரு நோட்டை மட்டும் தனியாக மாற்றவிடும் கூடுதல் கட்டளை. சிசி 99-க்கு 26, சிசி 98-க்கு நோட்டின் எண், சிசி 6-க்கு நீங்கள் விரும்பும் அளவு. ஸ்னேருக்கு 99-இல் 26, 98-இல் 38, 6-இல் 80 என்று முதல் பாரில் எழுதினால் அந்த ஸ்னேர் மட்டும் இறங்கும். ஜிஎஸ், எக்ஸ்ஜி இரண்டிலும் இதே எண்தான். ரீசெட்டுக்குப் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு எழுதுங்கள், ஒட்டி எழுதினால் கீபோர்டு அதை விழுங்கிவிடும்.

கடைசியாக ஹெட்ஃபோன். சத்தம் குறைவாக வைத்துக் கேட்கும்போது நம் காதுக்குக் கீழ்ச்சத்தம் சரியாக எட்டாது. 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். ராத்திரி மெதுவாக வைத்து ட்ராக் போடும்போது கிக் போதவில்லை என்று தோன்றும், ஏற்றுவீர்கள். மேடையில் சத்தம் கூடியதும் அது பூதமாக எழும். அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஃபைலில் குரல் இல்லை. நாம் டிரம்ஸை வயலினோடும் பேஸ் கிட்டாரோடும் ஒப்பிட்டுச் சரி செய்துவிட்டு, அப்புறம் மேடையில் அக்காவின் குரலை மேலே வைக்கிறோம். ஸ்னேரின் கூர்மையும் பாட்டு வரியின் மெய்யெழுத்துகளும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கை மாட்டி அக்காவைப் பாட வையுங்கள். அவர் பாடும்போது "க", "த", "ப" எல்லாம் தெளிவாக விழுகிற அளவுக்கு ஸ்னேர் எவ்வளவு நிற்கலாம் என்று பாருங்கள். அப்படி ஒரு பாட்டை முழுவதும் சரி செய்துவிட்டு, மீதிப் பாட்டையெல்லாம் அதற்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். 140-ஐயும் ஒரே நாளில் தொடாதீர்கள். நாலைந்து பாட்டுக்கு மேல் காது களைத்துவிடும், அப்புறம் செய்வதெல்லாம் தப்பாகவே போகும்.


பர்கூர் சவுண்ட் சர்வீஸ்:

பெரியவர் ஃபைலுக்குள் செய்வதைச் சொல்லிவிட்டார். நான் மிக்ஸர் பக்கத்தில் நிற்கிறவன், என் கஷ்டத்தைச் சொல்கிறேன். கீபோர்டுகாரர்கள் எங்களுக்கு ஒரே ஒரு வயர் கொடுக்கிறார்கள். அதில் டிரம்ஸ், பேஸ், வயலின், லீடு எல்லாம் கலந்து வருகிறது. "அண்ணே டிரம்ஸைக் கூட்டுங்க" என்றால் நான் எதைத் திருகுவது? பேஸைத்தான் திருக முடியும். பென்னாகரத்தில் அந்த ஆளும் அதைத்தான் செய்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு டிரம்ஸைத் தனி வயரில் கொடுங்கள். உங்கள் கீபோர்டில் தனி அவுட்புட் இருந்தால் பிரச்சினையே இல்லை. லெஃப்ட், ரைட் இரண்டுதான் இருக்கிறதென்றால், ஃபைலில் தாளச் சேனல்களின் பேனை (சத்தம் இடமா வலமா என்ற அளவு) முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள், மற்ற எல்லாவற்றையும் முழுக்க வலது பக்கம். சிசி 10, இடதுக்கு 0, வலதுக்கு 127. இடது வயர் எனக்கு டிரம்ஸ் ஆகிவிடும், வலது வயர் இசை. மிக்ஸரில் இரண்டையும் நான் நடுவில் வைத்துக்கொள்வேன். ஸ்டீரியோ போய்விடுமே என்று வருத்தப்படாதீர்கள். நம் திருவிழாவிலும் மண்டபத்திலும் இரண்டு பக்கப் பெட்டிக்கும் ஒரே சத்தம்தான் போகிறது, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பெட்டிதான் கேட்கும். எதிரொலி சேர்க்கும் ரிவெர்பை மட்டும் டிரம்ஸில் பூஜ்யம் ஆக்கிவிடுங்கள், சிசி 91. கீபோர்டின் ரிவெர்ப் இரண்டு பக்கமும் வரும், விட்டால் ஸ்னேரின் எதிரொலி இசை வயரில் வந்து உட்காரும். மண்டபத்துக்கு ரிவெர்பே வேண்டாம், சுவரே கொடுக்கும். இரண்டு வயருக்கும் டிஐ பாக்ஸ் (கீபோர்டையும் மிக்ஸரையும் இணைக்க நடுவில் போடும் பெட்டி) போடச் சொல்லுங்கள், ஜெனரேட்டரில் ஓடும் இடத்தில் கொர்ர் சத்தம் வந்தால் அதில் இருக்கும் கிரவுண்டு லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மண்டபத்தில் சவுண்டு செக் செய்யும்போது நாற்காலியெல்லாம் காலியாக இருக்கும். ஹை-ஹாட், ஸ்னேர் எல்லாம் கண்ணாடி மாதிரி கூசும். உடனே வெட்டிவிடாதீர்கள். 500 பேர் வந்து உட்கார்ந்தால் மேல்சத்தத்தை உடம்பும் துணியும் குடித்துவிடும். கீழ்ச்சத்தம் அப்படிக் குறையாது. அதனால் காலி மண்டபத்தில் நான் கிக்கைத்தான் இறக்கி வைப்பேன், ஸ்னேரைப் பாதி இறக்கிவிட்டுக் கூட்டத்துக்குக் காத்திருப்பேன்.

திறந்த திடல் வேறு கதை. சுவர் இல்லை, கூரை இல்லை, தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போய்விடும். பேஸ் பெட்டிகளை மேடைக்கு இரண்டு பக்கமும் பிரித்து வைக்காமல் ஒன்றாகச் சேர்த்துத் தரையில் வைத்தால் கீழ்ச்சத்தம் நன்றாக வலுக்கும், திடலில் ஓர் இடத்தில் தொம்மென்றும் இன்னோர் இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருப்பது குறையும். தெருவில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரில் கிக்கின் கீழ்ச்சத்தம் வரவே வராது, எவ்வளவு ஏற்றினாலும் ஆம்ப்ளிஃபயர்தான் சூடாகும். அங்கே கிக்கின் "டக்" என்ற முனையைத் தூக்க வேண்டும், 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம். தனி வயர் இருந்தால் அது எனக்கு இரண்டு நொடி வேலை. பாடகர் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவதும் கட்டாயம். இல்லையென்றால் கிக் சத்தம் மைக் வழியாகத் திரும்பி வந்து இன்னொரு சுற்றுச் சேரும்.

ஒரு வேண்டுகோள். ராத்திரி 10 மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்கிறார்கள், 7 மணிக்கு ஆரம்பிக்க வேண்டும், நீங்கள் வருவது 6.50-க்கு. அரை மணி முன்னால் வாருங்கள். ஒரு பழைய பாட்டு, ஒரு புதுக் குத்துப்பாட்டு, இரண்டையும் ஒரு சரணம் ஓட்டிக் காட்டினால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.


ஓசூர் பாடகி:

நான் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாடுகிறேன், எங்கள் பக்கம் மேடையில் மூன்றும் கேட்பார்கள். எல்லோரும் கூட்டத்துக்கு என்ன கேட்கிறது என்று பேசுகிறீர்கள். பாடுகிறவருக்கு என்ன கேட்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு எதிரில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் கிக் வேண்டவே வேண்டாம், அது எப்படியும் மேடைப் பலகை வழியாகக் காலுக்கு வந்துவிடுகிறது. ஹை-ஹாட்டும் தபேலாவும் தெளிவாக வேண்டும், அதைப் பிடித்துத்தான் எடுப்பு எடுக்கிறோம். ஸ்னேர் அதிகமானால் அதை மீறிக் கத்த ஆரம்பித்துவிடுவோம், அஞ்சாவது பாட்டில் தொண்டை கட்டிவிடும். பர்கூர் அண்ணன் சொல்கிற தனி வயர் வந்த பிறகு என் மானிட்டரில் டிரம்ஸைப் பாதிக்கும் கீழே வைக்கச் சொல்லிவிட்டேன். மூன்று மணி நேரம் நிம்மதியாகப் பாடுகிறேன். தம்பி, உங்கள் அக்காவிடம் இதைக் கேளுங்கள். திரும்பிப் பார்த்தார் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு அர்த்தம் இதுவாகத்தான் இருக்கும்.


பாலக்கோடு கீபோர்டு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

அந்த மூன்றாவது பாட்டைத் திறந்து பார்த்தேன். பெரியவர் சொன்னது அப்படியே இருந்தது. ஒவ்வொரு ஸ்னேர் அடியிலும் 38, 39, 40 மூன்றும் ஒரே டிக்கில், மூன்றும் 127-இல். 40-ஐ எடுத்துவிட்டேன். கைத்தட்டலைப் பல்லவிக்கு மட்டும் வைத்து 70-க்கு இறக்கினேன். 38-க்கு 0.6 கணக்குப் போட்டேன். 10-வது சேனலின் சிசி 7-ஐ மறுபடி 100-க்கே கொண்டுவந்தேன். அக்கா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்து, "இதுதானா அந்தப் பாட்டு?" என்று கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து மைக்கைப் பிடித்து முழுப் பாட்டையும் பாடிக் காட்டினார். சரணத்தில் "தத்தளிக்கும்" என்று ஒரு சொல் வருகிறது, அந்த இரண்டு "த"வும் அன்றைக்குத்தான் எனக்கே கேட்டன. மானிட்டர் பற்றிக் கேட்டேன், ஓசூர் அக்கா சொன்னதையே சொன்னார். இத்தனை நாள் நான் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இதுவரை 22 பாட்டு முடித்திருக்கிறேன், ஒரு ராத்திரிக்கு நாலு. 22-ஐயும் இடம் வலம் பிரித்துவிட்டேன். போன வாரம் மாரண்டஹள்ளியில் ஒரு மண்டபம், அந்த 22-ஐ மட்டுமே வாசித்தோம். சவுண்டுக்காரருக்கு இரண்டு வயர் கொடுத்ததும் அவர் முகமே மாறிவிட்டது. கூட்டம் நிறைந்த பிறகு டிரம்ஸ் ஃபேடரை ஒரே ஒருமுறை கொஞ்சம் ஏற்றினார், அப்புறம் கடைசி வரை அதைத் தொடவே இல்லை. முன்வரிசையில் இரண்டு பாட்டிமார் இருந்தார்கள். நான் லீடு வாசித்துக்கொண்டே அவர்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. 10-வது சேனலின் பேனை 0 வைத்தும் க்ராஷ், ரைடு சிம்பல்கள் இரண்டும் வலது வயரில் லேசாக வருகின்றன. ரிவெர்பைப் பூஜ்யம் ஆக்கிவிட்டேன். வேறு எங்கிருந்து கசிகிறது?


காவேரிப்பட்டணம் சீக்வென்ஸர்:

சந்தோஷம் தம்பி. அது ரிவெர்ப் இல்லை. கிட்டுக்குள்ளேயே ஒவ்வொரு நோட்டுக்கும் தனிப் பேன் உண்டு. நிஜ டிரம்ஸ் மாதிரி க்ராஷ் ஒரு பக்கம், ரைடு ஒரு பக்கம் என்று வைத்திருப்பார்கள். சேனலை முழுக்க இடதுக்குத் தள்ளினாலும் வலதில் இருந்த சிம்பல் பாதி வழியில் நின்றுவிடும். அதற்கும் என்ஆர்பிஎன்தான். இந்த முறை 99-க்கு 28, 98-க்கு 49, 6-க்கு 1. ரைடுக்கு 98-இல் 51. கவனம், 6-க்கு 0 கொடுத்துவிடாதீர்கள். அங்கே 0 என்றால் இடது இல்லை, ஒவ்வொரு அடியும் ஏதாவது ஒரு பக்கம் தாறுமாறாகப் போய் விழும் என்று அர்த்தம். 1 தான் முழு இடது. 57-இல் இரண்டாவது க்ராஷ் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், புதுப் பாட்டுகளில் அது பெரும்பாலும் இருக்கும்.